ஒழுங்கற்றவை எனப்படும் வினைகள்

ஆங்கில இலக்கணக் கையேடு எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். கடைசியில் நாலைந்து பக்கத்துக்கு ஒரு பட்டியல் இருக்கும். மூன்று பத்திகள், ஏ பி சி டி வரிசை. அரைஸ்–அரோஸ்–அரிஸன் என்று தொடங்கி ரைட்–ரோட்–ரிட்டன் என்று முடியும். தலைப்பு 'இர்ரெகுலர் வெர்ப்ஸ்'. தமிழில் விளக்கம் எழுதுகிற கையேடுகள் இதை 'ஒழுங்கற்ற வினைகள்' என்று பெயர்க்கின்றன. கூடவே ஓர் அறிவுரையும் இருக்கும்: இவற்றுக்கு விதி எதுவும் கிடையாது, மனப்பாடம் பண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

இருநூறு வினை என்று வைத்தால், மூன்று வடிவம், அறுநூறு சொல். முட்டி போட்டு இதை ஒப்பித்தவர்கள் நம்மில் பலர். ஒப்பிக்க முடியாமல் இங்கிலீஷில் கோட்டைவிட்டு, பத்தாவதோடு நின்று, சித்தாள் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போனவர்கள் நம் தெருவில் அதைவிடப் பலர். வீட்டில் இங்கிலீஷ் பேசுகிற பிள்ளைக்கு இந்தப் பட்டியல் தேவையே இல்லை, காதில் விழுந்தே வந்துவிடுகிறது. பட்டியல் யாருக்காக அச்சாகிறதோ அவர்களுக்குத்தான் அது எதையும் விளக்குவதில்லை. இந்த முரணைத்தான் பேசவேண்டியிருக்கிறது.

தலித் இதழில் இங்கிலீஷ் வெர்புக்கு என்ன வேலை என்று கேட்கிற தோழர்கள் இருப்பார்கள். சாவித்திரிபாய் பூலே 1854இல் வெளியிட்ட தம் கவிதைத் தொகுப்பிலேயே ஆங்கிலத்தைத் தாயென்று அழைத்தவர். அம்பேத்கர் தம் முக்கியமான நூல்களை எந்த மொழியில் எழுதினார் என்பது எல்லோருக்கும் தெரியும். சந்திரபான் பிரசாத் 2010இல் உத்தரப்பிரதேசத்தின் பங்கா என்கிற ஊரில் ஆங்கிலத் தேவிக்குக் கோயிலே கட்ட முனைந்தார். கோயில் விஷயத்தில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. சாமியாகக் கும்பிடுவதற்கு முன்னால் அந்த மொழியைப் பிரித்துப் பார்ப்போம், உள்ளே என்ன இருக்கிறது என்று.

முதலில் 'ஒழுங்கானவை' என்று சொல்லப்படுகிற வினைகள். விதி எளிது: இறந்தகாலத்துக்கு 'இடி' என்ற இரண்டெழுத்தைச் சேர்க்கவேண்டும். நம் வாத்தியார்கள் அதோடு விட்டுவிட்டார்கள். அதனால்தான் நாம் 'வாக்கெட்', 'லாஃபெட்', 'ஹெல்ப்பெட்' என்று உச்சரித்து நகரத்துக் கல்லூரியில் சிரிப்புக்கு ஆளாகிறோம். எழுத்து ஒன்றே, ஒலி மூன்று. வல்லொலியில் முடிகிற வினையோடு சேர்ந்தால் 'ட்' என்று கெட்டியாக ஒலிக்கும்: வாக்ட், ஹெல்ப்ட், லாஃப்ட். உயிரிலோ அதிர்வுள்ள மெய்யிலோ முடிந்தால் மெத்தென்று 'ட' போல: பிளேய்ட், கால்ட். ஏற்கெனவே 'ட'கர ஒலியில் முடிந்தால் மட்டும் நடுவில் ஓர் உயிர் நுழையும்: வாண்டட், நீடட். இது வேறு ஒன்றுமில்லை, புணர்ச்சிதான். நிலைமொழி ஈறு என்ன, வருமொழி என்ன, நடுவில் என்ன நடக்கிறது என்று தமிழ் வகுப்பில் நாள்கணக்கில் படித்தவர்களுக்கு இதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஏன் சொல்வதில்லை? தமிழ் வாத்தியாரும் இங்கிலீஷ் வாத்தியாரும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்தாலும் இலக்கணத்தைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

இனி 'ஒழுங்கற்றவை'. ஏ பி சி டி வரிசையைக் கலைத்துவிட்டு ஒலி பார்த்து அடுக்கிப் பாருங்கள். சிங்–சேங்–சங், ரிங்–ரேங்–ரங், ட்ரிங்க்–ட்ரேங்க்–ட்ரங்க், ஸ்விம்–ஸ்வேம்–ஸ்வம், பிகின்–பிகேன்–பிகன். ஒரு குடும்பம் கிடைத்துவிட்டது. ரைட்–ரோட்–ரிட்டன், டிரைவ்–ட்ரோவ்–டிரிவன், ரைட் (சவாரி)–ரோட்–ரிடன், ரைஸ்–ரோஸ்–ரிஸன். இன்னொரு குடும்பம். நோ–நியூ–நோன், குரோ–குரூ–குரோன், த்ரோ–த்ரூ–த்ரோன், ப்ளோ–ப்ளூ–ப்ளோன். மூன்றாவது. செண்ட்–செண்ட்டு, ஸ்பெண்ட், லெண்ட், பெண்ட், பில்டு–பில்ட்: கடைசி மெல்லொலி வல்லொலி ஆகிறது, அவ்வளவே. கீப்–கெப்ட், ஸ்லீப்–ஸ்லெப்ட், வீப்–வெப்ட்: நெடில் குறுகிக் குறிலாகி, ஒரு 'ட்' ஒட்டுகிறது. புட், கட், ஹிட், ஷட்: ஏற்கெனவே 'ட்'டில் முடிவதால் மறுபடி ஒன்று ஒட்ட இடமில்லாமல் அப்படியே நிற்கிறது. பிரிங்–பிராட், திங்க்–தாட், பை–பாட், டீச்–டாட், சீக்–சாட், கேட்ச்–காட். இவ்வளவும் போன பிறகு குடும்பமே இல்லாமல் தனியாய் நிற்பவை எத்தனை? கோ–வென்ட் மாதிரி விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். விதி கிடையாது என்று சொன்னது யார்?

ஏ பி சி டி வரிசை ஒன்றும் குற்றமற்ற வரிசை கிடையாது. உறவுள்ளவற்றைப் பிரித்து, சம்பந்தமே இல்லாதவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, 'பார், இதில் ஒழுங்கே இல்லை' என்று சொல்கிறது. ஒழுங்கைக் கலைத்தது பட்டியல். பழி வினைகள் மேல்.

அந்த ஒழுங்குக்கு வரலாறு உண்டு. இங்கிலீஷ் ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் பழைய வினைகள் காலத்தைக் காட்ட உள்ளே இருக்கிற உயிரை மாற்றும். வெளியிலிருந்து எதையும் ஒட்டாது. 'இடி' ஒட்டுவது பிறகு வந்த ஏற்பாடு. ஜெர்மன் அறிஞர் யாகோப் கிரிம் 1819இல் தம் ஜெர்மானிய இலக்கணத்தைத் தொடங்கியபோது, உயிரை மாற்றுகிற வினைகளை 'வலுவானவை' என்றும், ஒட்டு வாங்கிக்கொள்கிறவற்றை 'வலுவற்றவை' என்றும் பெயரிட்டார். தன் உடம்பை மாற்றியே காலம் காட்டுவது பலம், இன்னொன்றின் உதவியைக் கேட்பது பலவீனம் என்பது அவர் கணக்கு. பெயர் வைக்கிறவர் மனசு பெயருக்குள் வந்துவிடுகிறது பாருங்கள். தமிழை ஆராய்ந்தவர்களும் மெல்வினை, வல்வினை என்றார்கள். உடைந்தது ஒன்று, உடைத்தது ஒன்று. ஆனால் நம்மிடம் உடைந்தது ஒழுங்கற்றது என்று யாரும் சொல்லவில்லை. நன்னூல் இறந்தகாலத்துக்குத் த், ட், ற், இன் என்று நான்கு இடைநிலை சொல்கிறது. செய்தான், உண்டான், நின்றான், ஓடினான். நான்கில் எது ஒழுங்கு, எது ஒழுங்கற்றது என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

பலவீனம் என்று கிரிம் சொன்ன கூட்டம்தான் கடைசியில் ஜெயித்தது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் கூட்டங்கூட்டமாக வந்தன. வந்தவை ஏறக்குறைய எல்லாமே 'இடி' வாங்கிக்கொண்டன. கேட்ச், ஸ்டிரைவ் மாதிரிச் சில மட்டும் பழைய வீட்டுக்குள் நுழைந்தன. இன்றைக்கும் புதுசாக எந்த வினை பிறந்தாலும், ஃபேக்ஸ்ட், கூகுள்ட் என்று 'இடி'தான். பழைய வினைகளும் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் வந்தன. 'ஹெல்ப்' ஒருகாலத்தில் 'ஹோல்ப்' என்று போனது, 1611ஆம் வருஷத்து பைபிளில் 'ஹோல்பன்' இருக்கிறது. அதே பைபிளில் 'டிக்ட்' என்று 'இடி'யோடு இருந்த வினை பிறகு 'டக்' என்று எதிர்ப்பக்கம் போய் ஒழுங்கற்றதாக ஆனது. ஆக, போக்குவரத்து ஒருவழிப் பாதையும் அல்ல. யாரும் பிறவியிலேயே ஒழுங்கற்றவர் இல்லை.

2007இல் எரெஸ் லீபர்மன், ழான்–பாப்டிஸ்ட் மிஷெல் முதலிய ஹார்வர்டு ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றவையாக இருந்த 177 வினைகளைப் பின்தொடர்ந்தார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றில் 145 அப்படியே இருந்தன. இன்றைக்கு 98. எது மாறியது, எது மாறாமல் நின்றது என்பதைப் புழக்கம் தீர்மானிக்கிறது. ஒரு வினை இன்னொன்றைவிட 100 மடங்கு குறைவாகப் புழங்கினால் 10 மடங்கு வேகமாக 'இடி'க்குள் வந்துவிடும். தினம் வாயில் புரள்கிறது எதுவோ அது பழைய வடிவத்தை இழக்காது. ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்குகிற பத்து வினைகளும், பி, ஹேவ், டூ, கோ, சே என்று எல்லாமே ஒழுங்கற்றவைதான். 'கோ'வின் இறந்தகாலமான 'வென்ட்' அதன் சொந்தப் பிள்ளைகூட இல்லை, 'வெண்ட்' என்ற வேறொரு வினையிடமிருந்து எடுத்துக்கொண்டது.

ஒரு தோழரிடம் இதைச் சொன்னபோது உடனே, 'அப்ப பி, ஹேவ் எல்லாம் பார்ப்பான். சட்டம் மத்தவனுக்குத்தான்' என்றார். உவமை கைதட்டல் வாங்கும், மேடையில் சொல்லலாம். ஆனால் இங்கே பொருந்தாது. இந்த வினைகள் நின்றதற்குக் காரணம் எந்த மேல்சாதியும் காப்பாற்றியதல்ல. அடுப்படியிலும் வயலிலும் சந்தையிலும் எழுத்தே தெரியாத சனங்கள் நாளெல்லாம் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றியது. இலக்கணக்காரன் ஒழுங்கற்றது என்று ஒதுக்கினது உழைக்கிறவன் நாக்கில் தேய்ந்து கெட்டிப்பட்ட பகுதி. எல்லாவற்றிலும் சாதி உவமை தேடினால், சாதி நிஜமாக வேலை செய்கிற இடம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

அது எங்கே வேலை செய்கிறது? வடிவத்தில் இல்லை, தீர்ப்பில். பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வாருங்கள். 1762இல் ராபர்ட் லோத் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர். 'பிகேன்' வரவேண்டிய இடத்தில் 'பிகன்', 'ரிட்டன்' வரவேண்டிய இடத்தில் 'ரோட்' என்று எழுதுவது பிழை என்று அடிக்குறிப்புகளில் சாடினார். அவர் பிடித்த ஆட்கள் யார் தெரியுமா? மில்டன், டிரைடன், போப். அந்த மொழியின் பெரிய பேர்கள். தாமஸ் கிரேயின் புகழ்பெற்ற இரங்கற்பா 1751இல் முதலில் அச்சானபோது தலைப்பிலேயே 'ரோட்' என்றுதான் இருந்தது, 'ரிட்டன்' இல்லை. அப்படியானால் அன்றைக்குப் படித்த கனவான்கள் இரண்டு மாதிரியும் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். லோத்தும், அவரை ஒட்டி 1795இல் எழுதிய லிண்ட்லி மர்ரேயும் பள்ளிக்கூடங்களுக்குள் போனார்கள். ஒரு வடிவம் 'சரி' ஆனது. இன்னொரு வடிவம் கனவான்களின் காகிதத்திலிருந்து விலகி, கூலிக்காரர் வாயில் மட்டும் தங்கியது. 'ஐ சீன்', 'ஐ டன்', 'ஹி கம்' என்று லண்டன் துறைமுகத் தொழிலாளி சொன்னால் அறியாமை. அதே மாதிரிக் கலப்பை அவன் எஜமானின் தாத்தா எழுதினால் இலக்கியம். தொல்காப்பியம் வழக்கு என்பதை உயர்ந்தோர் பக்கம் நிறுத்தியதை நாம் மறக்கவில்லை. ஈழத்தில் 1960களின் தொடக்கத்தில் டானியலும் டொமினிக் ஜீவாவும் தம் சனங்களின் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்த காலத்தில், பண்டிதர்கள் 'இழிசனர் வழக்கு' என்றது இதே தீர்ப்புத்தான். நாடு வேறு, வார்த்தை வேறு.

குழந்தைகள் என்ன செய்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். 1958இல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர், அகராதியிலேயே இல்லாத வினைகளைச் சிறு பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். 'ரிக்' என்றால், நேற்று என்ன செய்தான்? 'ரிக்ட்' என்றன பிள்ளைகள். கேட்டேயிராத சொல்லுக்கும் விதி போடுகின்றன. அமெரிக்கக் குழந்தை முதலில் 'வென்ட்' என்று சரியாகச் சொல்லும், பிறகு சிலசமயம் 'கோட்' என்று 'கோ'வுக்கே 'இடி' போடும், பிறகு மறுபடி 'வென்ட்'. நடுவில் வருகிற 'கோட்' பிழை இல்லை, விதியைக் கண்டுபிடித்துவிட்ட மூளையின் வேலை. நம் பிள்ளை 'கோட்', 'டீச்ட்', 'பைட்' என்று எழுதினால் அதுவும் அதேதான். ஆனால் அங்கே குழந்தை சிரித்துக் கொஞ்சப்படுகிறது, இங்கே சிவப்பு மை விழுகிறது. மேல்வகுப்பு வீட்டுப் பிள்ளையின் 'கோட்' மழலை. நம் பிள்ளையின் 'கோட்' தகுதிக்குறைவு.

என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தில் மிக முக்கியமான வேலை 1960களில் நியூயார்க்கின் ஹார்லெமில் நடந்தது. கறுப்பினப் பிள்ளைகள் 'வாக்ட்' என்பதை 'வாக்' என்றும் 'பாஸ்ட்' என்பதை 'பாஸ்' என்றும் சொல்கிறார்கள், இறந்தகாலக் குறியை விழுங்கிவிடுகிறார்கள். இதை வைத்து, இந்தப் பிள்ளைகளுக்கு மொழியே சரியாகக் கிடையாது, காலத்தைப் பற்றிய சிந்தனையே ஊனம் என்கிற அளவுக்குக் கல்வி உளவியலாளர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம். மொழி வறுமை என்று அதற்கு ஒரு கோட்பாடு வேறு. வில்லியம் லபோவும் அவருடைய கூட்டாளிகளும் தெருவில் போய் அந்தப் பிள்ளைகளோடு பேசினார்கள். அங்கேதான் ஒழுங்கற்ற வினைகள் சாட்சிக்கு வந்தன. 'இடி'யை விழுங்குகிற அதே பையன் 'டோல்ட்', 'கேவ்', 'வென்ட்' என்று துளி தவறாமல் சொல்கிறான். இறந்தகாலம் அவனுக்குத் தெரியாது என்றால் இது எப்படி? சொல்லின் கடைசியில் மெய்கள் நெருக்கியடித்து நிற்கும்போது ஒன்று விழுகிறது, அதுதான் விஷயம். வெள்ளைக்காரர்களும் விரைவாகப் பேசும்போது விழுங்குகிறார்கள், அளவுதான் வித்தியாசம்.

லபோ இன்னொன்றும் செய்தார். ஆங்கிலத்தில் 'ரீட்' என்ற வினை எழுத்தில் மாறாது, உச்சரிப்பில் மட்டும் 'ரெட்' ஆகும். 'அந்தப் பக்கமாகக் கடந்து போனபோது சுவரொட்டிகளைப் படித்தேன்' என்கிற பொருளில் ஒரு வாக்கியத்தைப் பிள்ளைகளிடம் வாசிக்கக் கொடுத்தார். 'பாஸ்ட்' என்பதில் உள்ள 'இடி'யைக் கண்ணால் பார்த்து இறந்தகாலம் என்று எடுத்துக்கொண்டிருந்தால் பிள்ளை பின்னால் வருகிற சொல்லை 'ரெட்' என்று வாசிக்கும். இல்லாவிட்டால் 'ரீட்'. 'போன மாதம்' என்று தொடங்குகிற வாக்கியத்தில் 'ரெட்' சரியாக வந்தது. 'இடி' மட்டும் சாட்சியாக இருந்த வாக்கியத்தில் பலருக்கு வரவில்லை. பிள்ளைகளுக்குக் காலம் தெரிகிறது, அந்த இரண்டெழுத்து காலத்தைக் குறிக்கிற அடையாளம் என்பது மட்டும் சொல்லித்தரப்படவில்லை என்பது இதிலிருந்து தெளிவானது. உச்சரிப்பு வேறு, வாசிப்பு வேறு. பையன் 'பாஸ்' என்று உச்சரித்தாலும் பொருளை இறந்தகாலமாக எடுத்திருந்தால் அவன் சரியாகத்தான் வாசித்திருக்கிறான், திருத்தாதே என்றார் லபோ. 1979இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரப் பள்ளிகள் மீது கறுப்பினக் குழந்தைகள் சார்பில் நடந்த வழக்கில், பிள்ளைகளின் வீட்டு மொழியை அறிந்து வாசிப்பைக் கற்றுத்தர ஆசிரியர்களைத் தயார்படுத்த வேண்டும் என்கிற நிலைக்கு நீதிமன்றம் வந்தது. ஓர் இரண்டெழுத்துக்கு எவ்வளவு தூரம் போகவேண்டியிருந்தது பாருங்கள்.

ஆலிஸ் வாக்கரின் 'தி கலர் பர்ப்பிள்' (1982) நாவலில் சீலி தன் வாய்ப்பேச்சின் வினைகளிலேயே கடிதம் எழுதுகிறாள். 'இப்படிப் பேசாதே, சனம் உன்னைப் படிக்காதவள் என்று நினைக்கும்' என்று திருத்த வருகிறவளிடம் அவள் பணிவதில்லை. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது எழுத்துத் தமிழின் வினைமுற்றுகளுக்குள் 'வந்துச்சு', 'போச்சு' புகுந்து இடம் பிடித்தது நமக்கு நடந்த அப்படியொரு சம்பவம். அதை லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் 2000இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். மதிக்கத்தக்க மொழிபெயர்ப்பு. ஆனால் ஆங்கிலப் பக்கத்தில் வினைகள் பெரும்பாலும் பள்ளிக்கூடச் சீருடையில் நிற்கின்றன என்பது என் வாசிப்பு. 'வந்துச்சு'வுக்கு 'கேம்' என்று போட்டால் காலம் வருகிறது, ஊரும் தெருவும் வருவதில்லை. அதற்கு ஹார்லெமின் வினையைப் போடமுடியுமா, லண்டன் துறைமுகத்து வினையைப் போடமுடியுமா? போட்டால் வேறு சனத்தின் உடம்பு வந்து உட்கார்ந்துவிடும். மொழிபெயர்ப்பாளர்கள் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசவேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அப்ப தரமான இங்கிலீஷ் தேவையில்லை, ஐ சீன், ஐ கோட்னு எழுதினாலே போதும், அதுவும் ஒரு வழக்குத்தானே' என்று சொல்ல வருகிறவர்கள் இருப்பார்கள். ஒருசில பேராசிரியர்கள் கருத்தரங்கில் இப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று விசாரித்தால் போதும். ஹார்லெமின் 'ஐ சீன்' அந்தச் சனத்தின் தாய்மொழி, அதற்குப் பின்னால் பாட்டும் சண்டையும் பிரார்த்தனையும் இருக்கிறது. நம்முடைய தாய்மொழி சேரித் தமிழ். இங்கிலீஷ் நமக்குக் கருவி. நேர்முகத் தேர்விலும் நீதிமன்றத்திலும் டெல்லியிலும் எடுத்து நீட்டவேண்டிய கருவி. அது மொட்டையாக இருக்கக்கூடாது. 2012க்குப் பிறகு தமிழக அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் வந்தன. நம் பிள்ளைகளை அதில் சேர்த்துவிட்டு அம்மாக்கள் பெருமையாக இருக்கிறார்கள். உள்ளே கையில் கொடுக்கப்படுவது பழைய ஏ பி சி டி பட்டியல் என்றால், வழி மாறியது என்பது போர்டில் மட்டும்தான்.

எங்கள் மாலை வகுப்பில் பட்டியலைக் கத்தரித்துச் சீட்டு சீட்டாக்கித் தரையில் பரப்பிவிடுவோம். ஒலி பார்த்துச் சேர்க்கச் சொல்வோம், பிள்ளைகளே குடும்பம் கண்டுபிடிக்கும். 'கீப்'பையும் 'ஸ்லீப்'பையும் சேர்த்து வைத்த ஏழாம் வகுப்புப் பெண், 'நெடில் குறிலாயிடுச்சு' என்று தமிழ் இலக்கணத்தில் காரணம் சொன்னாள். பெரும்பாலானவை அரைமணி நேரத்தில் எட்டு ஒன்பது குவியலாகிவிடும். தனியாக மிஞ்சுகிற சீட்டுகளில் 'கோ' கட்டாயம் இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, இதன் இறந்தகாலம் வேறொரு வீட்டிலிருந்து வந்தது என்று கதை சொன்னால், அடுத்த நாள் அதை மறந்தவர் யாரும் இருப்பதில்லை. ஒப்பிக்கச் சொல்லி யாரையும் முட்டி போட வைத்ததில்லை. கையேடு போடுகிறவர்கள் இதை அச்சிட ஒரு ரூபாய்கூட அதிகம் செலவாகாது, அதே சொற்கள், வரிசை மட்டும் வேறு. எத்தனையாவது பதிப்பு வந்தாலும் அந்த வரிசையை மாற்றாமலே அச்சிடுகிறார்களே, அதுதான் எனக்கு விளங்காத ஒழுங்கு.